அக்கா எடுத்த அதிக மார்க்

எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மாப்பிள்ளைக்கு முன்னால் இங்கிலீஷ் வார்த்தைகள் வந்தன. மாப்பிள்ளை கடைசிவரை வரவே இல்லை.

அப்போது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். நடுவில் பிறந்தவை தங்கவில்லை. நான் பிறந்த பிறகு அம்மாவுக்கு வெகுநாள் உடம்பு சரியில்லாமல் போனதால், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தது அக்காதான். சடை பின்னுவதும் சோறு ஊட்டுவதும் பள்ளிக்கூட வாசல்வரை கொண்டுவந்து விடுவதும் அவள்தான். கீழே விழுந்தால் மற்றப் பிள்ளைகள் ‘அம்மா’ என்று அலறுவார்கள். நான் ‘அக்கா’ என்று அலறுவேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதிலேயே நெய்வேலிக்கு வந்து, சுரங்கத்தில் டெக்னீஷியனாகப் பர்மனென்ட் ஆனவர். அதே சுரங்கத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பெரிய அதிகாரியாக இருந்தார். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். சொந்தமானாலும் அப்பா அவரை ‘சார்’ என்பார், அவர் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்த முறையில் இரண்டு பேருக்குமே வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த அதிகாரி ஒரு நாள் தானாகவே அப்பாவைக் கூப்பிட்டு, அமெரிக்காவில் வேலை பார்க்கும் தன் அண்ணன் மகனுக்கு அக்காவைக் கேட்டார். நகை நட்டு எதுவும் அவர்கள் பேசவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். பெண் அங்கே போய் வீட்டில் சும்மா உட்காரக்கூடாது, மேலே படித்து வேலைக்குப் போகவேண்டும். அதற்கு, வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலப் பரீட்சையை எழுதி, அந்த ஊர்க் காலேஜ் கேட்கும் அளவுக்கு மார்க் வாங்க வேண்டும். தன் அண்ணன் மகன் அதை எழுதியதையும் வாங்கிய மார்க்கையும் அதிகாரி பெருமையாகச் சொன்னார். அப்பாவுக்கு மட்டுமல்ல, அந்த செக்‌ஷனில் இருந்த எல்லோருக்கும் அந்த மார்க் பல வருஷமாகத் தெரியும். அவன் அதை வாங்கிய சமயத்தில் அவர் ஆள் ஆளாகக் கூப்பிட்டு லட்டு கொடுத்தாராம்.

அக்கா பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். பிறகு தினமும் பஸ்ஸில் கடலூருக்குப் போய் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளையின் போட்டோவை அம்மா காட்டியபோது ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பரீட்சை விவரம் அச்சடித்த தாள்களை மட்டும் வாங்கி இரண்டு தடவை படித்தாள். யாரும் அதைக் கவனித்ததாக நினைவில்லை.

மறுநாளிலிருந்து வீடு முழுக்க வார்த்தைகள். தேதி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் ஒவ்வொன்றாக எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பாள். நான் கையை விட்டு ஒன்றை எடுத்து எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். பாதி படிக்கும் முன்பே அவள் வார்த்தையைச் சொல்லிவிடுவாள். பிறகு அர்த்தம், பிறகு எங்கள் வீட்டை வைத்தே ஒரு வாக்கியம்.

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் அம்மா, “எதிர்வீட்டுக்காரி காபித்தூள் கேட்டு வந்திருப்பா” என்றால், அது ஹைபாதஸிஸ். கதவைத் திறந்து அந்த அம்மாள் கையில் டம்ளர் இருப்பதைப் பார்த்தால், அது எவிடென்ஸ். எண்ணெய்க் குளியலுக்குக் கூப்பிட்டதும் கட்டிலுக்கடியில் போகும் நான் ரிலக்டன்ட். அப்பாவின் சட்டையில் படிந்த கரித்தூசி அம்மாவைக் கேட்டால் சிக்னிஃபிகன்ட், அப்பாவைக் கேட்டால் நெக்லிஜிபிள். ஒரு வார்த்தையை மட்டும் படித்தால் போதாது, அனலைஸ் என்றால் அனாலிசிஸ், அனலிடிகல் என்று மொத்தக் கூட்டத்தையும் படிக்க வேண்டும். “பொண்ணு பார்க்க வர்றவங்க மாதிரிடீ, தனியா வரவே வராது” என்பாள் அக்கா.

இத்தனை பெரிய வார்த்தைகளுக்கெல்லாம் என்ன பொருள் இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். அவள் துணி அலசிக்கொண்டே சொன்னாள்.

“புதுப் பொருள் ஒண்ணும் கிடையாதுடீ. நமக்குத் தெரிஞ்சதையேதான் எட்ட நின்னு பார்க்கிற வார்த்தை இதெல்லாம். கிட்டவே இருந்தா எதுவும் தெரியாதில்ல.”

எனக்குப் புரியவில்லை. எட்ட நிற்பது என்ற சொல் மட்டும் பிடிக்கவில்லை.

பக்கத்துக் கிராமத்திலிருந்து பால் கொண்டுவரும் அம்மாள் ஒருநாள் பின்வாசலில் நின்று, அக்கா வார்த்தைகளை முணுமுணுப்பதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டாள். “இன்னாம்மா, பெரிய பொண்ணு தனக்குத் தானே பேசிக்கினு துணி தொவைக்குது? யாருக்காச்சும் காட்டிக்கினு வர்றதுதானே?”

அம்மாவும் கொஞ்சம் பயந்துதான் போயிருந்தாள். ஏனென்றால் அக்கா அந்த மாதங்களில் அழகாகிவிட்டாள். இதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. குவார்ட்டர்ஸில் எல்லோரும் சுரங்கத்துச் சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் தூங்குகிறவர்கள். அவள் மட்டும் எந்த ஷிஃப்ட்டிலும் இல்லாதவள் போல் இருந்தாள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்து உதட்டை அசைத்துச் சிரித்துக்கொள்வாள். மாப்பிள்ளை நினைப்பு என்று அம்மா முடிவு செய்தாள். கதவைத் திறந்து பார்க்காத ஹைபாதஸிஸ்.

அப்பா அவளை விரட்டிக்கொண்டே இருந்தார். “கேட்ட மார்க்கு வந்தா போதும்னு நின்னுராத தாயி. எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடு.” அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நெய்வேலியில் எல்லாம் கிரேடுதான். கிரேடு ஏறினால் வீட்டின் டைப் மாறும், பிளாக் மாறும், தோட்டம் பெரிதாகும், எதிரில் வருகிறவர் சைக்கிளை விட்டு இறங்குவார். கூடுதலாக வாங்கியதால் ஒருவன் கீழே போனான் என்பதை அப்பா தன் சர்வீஸில் பார்த்ததில்லை. கல்யாணமும் அப்படித்தான் என்று நம்பினார்.

அப்பா லீவு போட்டு அக்காவை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்ப் பரீட்சை எழுத வைத்தார். சில வாரங்கள் கழித்துத் தபாலில் மார்க் வந்தது. காலேஜ் கேட்டதைத் தாண்டி எங்கேயோ இருந்தது. அக்கா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்ட்டுக்குக் கிளம்பினார்.

அப்பா பஸ்ஸில் பேசவே மாட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொள்கிறவர். அன்றைக்கு மட்டும் சுரங்க பஸ்ஸில் ஏறியதும் நின்றபடியே மகள் மார்க்கைச் சொல்லியிருக்கிறார். ஒரு ஷிஃப்ட் இறங்கி இன்னொரு ஷிஃப்ட் ஏறும் நேரம் அது. நெய்வேலியில் ஒரு சங்கதி பரவுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. சாயந்திரத்துக்குள் செக்‌ஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. லட்டு தின்றவர்களுக்கெல்லாம் பழைய மார்க் ஞாபகம் இருந்தது. யாரோ ஒருவர் அதிகாரியின் அறைக்கே போய், “என்ன சார், பொண்ணு மாப்பிள்ளையை ஓவர்டேக் பண்ணிடுச்சாமே” என்று சிரித்திருக்கிறார். நல்ல எண்ணத்தில் சொன்னதாகத்தான் பிறகு சொன்னார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வந்ததே இல்லை. அப்பா பக்கத்து வீட்டிலிருந்து கைவைத்த நாற்காலி வாங்கி வந்து போட்டார். அம்மா பலாச்சுளையை நறுக்கித் தட்டில் வைத்தாள். அவர் ஒரு சுளையை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

“பொண்ணு ரொம்பப் படிக்கிற பொண்ணா இருக்கு. எங்க பையன் சாதாரணமா இருக்கிறவன். அண்ணி கொஞ்சம் யோசிக்கிறாங்க.”

அப்பா நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அது எட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து கேட்டார்.

“மார்க்கு பத்தலையா சார்? பத்தலைன்னா சொல்லுங்க, இன்னொரு தடவை எழுதச் சொல்றேன்.”

அதிகாரி சுளையைத் தட்டில் வைத்துவிட்டார். உள் அறைக் கதவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள், அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருந்தேன். அப்பா கேட்டதற்கு அவள் சிரித்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், உடம்பு குலுங்கியது. நானும் கூடச் சிரித்தேன்.

அதிகாரி போன பிறகு அம்மா அப்பாவுக்கு விளக்கிச் சொன்னாள். புரிந்ததும் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கப் போனார். திரும்பிவர வெகுநேரமாயிற்று. வந்தபோது அக்கா கூடத்தில் காத்திருந்தாள்.

இடம் போனதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மார்க்குக்குக் காலேஜே ஃபீஸைத் தள்ளிக் கொடுக்கும், எழுதிக் கேட்டால் போதும் என்றாள். இரண்டு வருஷத்துக்கு இந்த மார்க் செல்லும், அதற்குள் போய்விட வேண்டும் என்றாள். இத்தனையும் நின்ற இடத்தில் நின்று, தலையைக் குனியாமல் சொன்னாள்.

அப்பா, “யாரு கூடப் போவ?” என்றார்.

“தனியாத்தான்.”

“கல்யாணம் ஆகாத பிள்ளையை எந்த ஊர்க்காரனும் அப்படி அனுப்ப மாட்டான் தாயி.”

“நீங்களும் இந்த ஊருக்குத் தனியாத்தானேப்பா வந்தீங்க. அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆகலையே.”

அப்பா அவளைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “நான் ஆம்பளை” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்கா சண்டை போட்டிருப்பாள். அவர் ஏதோ கம்பெனி விதியைச் சொல்கிறவர் போலச் சொன்னார், வருத்தத்தோடுதான் சொன்னார்.

அக்கா இரண்டு வருஷம் கேட்டுப் பார்த்தாள். அழுதும் கேட்டாள், சாப்பிடாமலும் கேட்டாள். மாமாக்கள் வந்து அப்பா பக்கம் பேசினார்கள். வேறு வரன்கள் வந்தன. ‘அந்தப் பொண்ணா, ரொம்பப் படிச்சதாமே’ என்று திரும்பிப் போயின. மார்க் செல்லாமல் போன அடுத்த தையில் குள்ளஞ்சாவடியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர். நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரம் என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள், எனக்கும் அந்தச் சமாதானம் போதுமாக இருந்தது.

இப்போது அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. கடையில் ஆணியும் கீலும் எடுத்துக் கொடுக்கிறாள். நான் பிளஸ் டூவோடு நின்றுவிட்டேன். ‘ரொம்பப் படிச்ச’ ஒரு மகளே போதும் என்று எங்கள் வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். எனக்கும் அதை எதிர்த்துப் பேசத் தெரியவில்லை, அக்கா பேசிய பேச்சு என்ன ஆயிற்று என்று பார்த்திருந்தேன். நெய்வேலியில் நான் குடியிருக்கும் பிளாக்கில் இப்போது எத்தனையோ பெண்பிள்ளைகள் அதேபோன்ற பரீட்சைக்குப் போனில் வார்த்தைகளைத் தள்ளித் தள்ளிப் படிக்கிறார்கள். தனியாகத்தான் போகிறார்கள். அப்பாக்களே ஏர்போர்ட்டுக்கு வண்டி பிடிக்கிறார்கள். அவர்களைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்தான். சொல்ல வாய் வருவதில்லை.

ஆனால் அப்பா மாட்டேன் என்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் சந்தோஷமாக இருந்தேன். அத்தனை மாதமும் எனக்கு ஒரே பயம், இவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லாமல் தினமும் அது நடக்கக்கூடாது என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். சாமி கேட்டுவிட்டது. அடுக்களையில் அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

“இனிமே எங்கேயும் போக மாட்டேல்ல?” என்றேன்.

“போக மாட்டேன்.”

“எப்பவுமே?”

அவள் திரும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு அது போதவில்லை. என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தால்தான் விடுவேன் என்று அவளைப் பிடித்து உலுக்கினேன். அம்மா கூடத்திலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் தலையில் வைத்துச் சத்தியம் செய்தாள்.

நான் துள்ளிக்கொண்டு விளையாடப் போனேன்.