கண்மாய்க்குள் இறால்

எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் ஆடி பிறந்தால் மொய்விருந்து பந்தல் முளைக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டாம். பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவார்கள். வாங்கியவர் அடுத்தவர் விருந்தில் திருப்பிச் செய்ய வேண்டும். திருப்பும்போது மேலே கொஞ்சம் சேர்த்து வைப்பதற்குப் புதுநடை என்று பெயர். அதை வைக்காவிட்டால் உறவை முறித்துக்கொள்வதாக அர்த்தம். இந்தச் சட்டதிட்டமெல்லாம் கல்லூரிக்குள்ளும் செல்லுபடியாகும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

நான் வரலாறு கற்பிக்கிறேன். இணைப் பேராசிரியை பதவிக்கான நேர்காணலில் ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டிருந்தேன். காரணம், நான் எழுதிய கட்டுரையை வேறு யாரும் தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டவில்லை. எத்தனை பேர் காட்டினார்கள் என்பதைக் கணினி எண்ணிச் சொல்லும். என் பெயருக்கு நேரே சைபர் என்று சொன்னது. நார்த்தாமலையைச் சுற்றியுள்ள பழைய கண்மாய் மடைகளைப் பற்றிய கட்டுரை அது. வெயிலில் கரை கரையாக அலைந்து, கருவேல முள் குத்தி, ஒவ்வொரு மடையாக அளந்து எழுதியது. இந்த முறையும் நழுவினால் ஓய்வு பெறும்வரை உதவிப் பேராசிரியைதான். என்னிடம் படித்த பெண்ணே எனக்கு மேலே வந்து உட்காருவாள்.

எங்கள் வேதியியல் பேராசிரியருக்குச் சொந்த ஊர் அந்த மொய்விருந்துப் பகுதியில் கீரமங்கலம் பக்கம். கேன்டீனில் என் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்குப் போயி கவலைப்படுறீங்களே மேடம். எல்லாம் நம்ம ஊரு மொய் மாதிரிதான். நான் ஒங்களுக்கு மேற்கோள் போடுறேன், நீங்க எனக்குப் போடுங்க. போடுறப்ப ஒன்னு ரெண்டு கூடச் சேத்துப் புதுநடை வச்சிருங்க. அம்புட்டுத்தான்."

"நீங்க எழுதுறது முந்திரி ஓட்டு எண்ணெயப் பத்தி. என் கண்மாய் அதுக்குள்ள எங்கிட்டு சார் வரும்?"

"தண்ணி இருந்தா துருப்பிடிக்கும்ல? துருவைத் தடுக்கத்தானே எண்ணெய். அந்த எடத்துல போட்டுக்கிறேன்."

போட்டார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதை ஆராய்ச்சி என்று அங்கீகரித்திருக்கிறார்கள் என்பது அன்றுதான் புரிந்தது. அவரைப் பார்த்து வணிகவியல்காரர் போட்டார், கணிதக்காரர் போட்டார். நானும் மொய் தவறாதவள். அடுத்து எழுதிய கோயில் கட்டுரையில் இரும்புக் கிராதி ஒன்றை வலிய நுழைத்து, முந்திரி ஓட்டு எண்ணெயைப் புதுநடையோடு பூசிவிட்டேன். என் எண்ணிக்கை கார்த்திகை மாதக் கண்மாய் மாதிரி ஏறியது. முதல்வர் நடைபாதையில் நின்று எனக்கு வணக்கம் சொன்னார்.

நேர்காணலுக்கு முந்தைய நாள் மத்தியானம், எதற்கும் ஒருமுறை படித்துவிட்டுப் போகலாமென்று என் கண்மாய்க் கட்டுரை வெளியான ஆய்விதழின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். அச்சில் வந்த வடிவத்தை நானே அதுவரை பார்த்ததில்லை. தலைப்பு என்னுடையது. பெயர் என்னுடையது. கீழே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இறால் வளர்ப்பு. குட்டைக்கு எவ்வளவு உப்பு, என்ன தீவனம், என்ன நோய் வரும், எல்லாம் விளக்கமாக இருந்தது. யாரோ ஒரு புண்ணியவானின் கட்டுரையை என் தலைப்புக்குக் கீழே ஏற்றியிருக்கிறார்கள். என் மடைகளில் ஒன்றுகூட இல்லை. எனக்கு அழுகை வந்தது. வேதியியல்காரருக்குப் போன் செய்தேன்.

"இறாலா?" என்றார். "மேடம், இப்பத் திருத்தச் சொன்னா பேப்பரையே தூக்கிருவாங்க. பேப்பர் போனா எண்ணிக்கையும் போயிரும். நாளைக்கு முடியட்டும், அப்பறம் பாப்போம்."

"சார், நீங்க இதைத் தொறந்தே பாக்கலையா?"

"நீங்க என்னோடதைத் தொறந்தீங்களா மேடம்?"

நான் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் என் அசல் கட்டுரையை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. வெளியூரிலிருந்து வந்த நிபுணர் என் கோப்பைப் புரட்டினார். எண்ணிக்கை இருந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டார்.

"கண்மாய்க் கட்டுரையை முழுசாப் படிச்சேன்மா. மடைகளைப் பத்தின பகுதி ரொம்ப ஆழமா வந்திருக்கு" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் அடங்காதே. முள் குத்திய காலெல்லாம் நினைவுக்கு வர, ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன்.

"இறால் பகுதி எப்படி இருந்துச்சுங்க ஐயா?"

பதவி உயர்வு போனது என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அதுவும் சிறப்பு. ரெண்டையும் அழகா இணைச்சிருக்கீங்க. துறைகளைத் தாண்டி யோசிக்கிறவங்கதான் இப்பத் தேவை."

பையிலிருந்த கட்டுரை பையிலேயே இருந்தது. இணைப் பேராசிரியை ஆனேன். கல்லூரி வாசலில் என் படத்தோடு பிளக்ஸ் வைத்தார்கள். இறால் இன்னும் என் பெயரில்தான் நீந்திக்கொண்டிருக்கிறது.

அந்த ஆடியில் வேதியியல்காரர் வீட்டு மொய்விருந்துக்குப் போனேன். கறிச்சோறு அருமை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு மொய் எழுதும் மேசைக்கு வந்து கவரை நீட்டினேன். அங்கே இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கவரைப் பிரித்தார். உள்ளே இருந்ததை வெளியே எடுத்து, விரலில் எச்சில் தொட்டு எண்ணி, வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கியும் பார்த்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கவர்லதான் எழுதியிருக்கேனே, பாக்கலையா?" என்றேன்.

"எழுதியிருக்கு ஆத்தா. உள்ள என்ன இருக்குன்னு பாக்காம நான் எப்புடி வரவு வைக்கிறது?" என்றவர், பேனாவை எடுத்துக்கொண்டு, "பேரு சொல்லுங்க, என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

பெயரை மட்டும் சொன்னேன்.