ஆற்று நடுவே ஒரு பஞ்சாயத்துக் கூட்டம்

1. சேர்ந்த அன்றே குளியல்

என் உத்தியோகம் தண்ணீருக்குள் விழுந்துதான் தொடங்கியது. உவமை இல்லை. நிஜமாகவே விழுந்தேன்.

நான் ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கப்பல் தெரியும். ஆனால் அறுபதுகளின் பின்பாதியில் யூனியன் ஆபீசில் கிராம சேவிகாவாகச் சேரும் வரை நான் ஒரு படகில்கூடக் கால் வைத்ததில்லை. கிராமப் பெண்களைக் கூட்டி மாதர் சங்கம் தொடங்குவது, புகையில்லா அடுப்பு கட்டச் சொல்லித்தருவது, வீட்டுக்கொரு காய்கறித் தோட்டம் போட வைப்பது, இவைதான் வேலை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கிடைத்த பஞ்சாயத்து எண்ணூருக்கு வடக்கே, முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது. பெயர் வேண்டாம். இக்கரையில் உப்பளங்களும் கடைத்தெருவும் பஞ்சாயத்து ஆபீசும். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் கிடந்த மணல்மேட்டில் ஒரு மீனவர் குப்பம். அதை எல்லோரும் அக்கரை என்றுதான் சொன்னார்கள்.

பையில் கத்தரி விதையும் வெண்டை விதையும் எடுத்துக்கொண்டு, அன்று கடலுக்குப் போகாத ஒரு மீன்படகில் அக்கரைக்குப் போனேன். படகு தரைதட்டும் முன்பே, ஆபீஸ் படியில் இறங்குவது போல மிடுக்காகக் காலை வெளியே வைத்தேன். இடுப்பளவு தண்ணீர். விதைப்பை மிதந்து போயிற்று.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னா டீச்சரம்மா, குளிச்சிட்டு மீட்டிங் போடலாம்னு வந்துகீறியா?"

கரை முழுக்கச் சிரித்தது. எனக்கு அழுகை வந்தது. அவள் தன் புடவை ஒன்றைக் கொடுத்து, சுடச்சுட டீ போட்டுக் கொடுத்தாள். பெயர் கன்னியம்மா. நாற்பது வயதிருக்கும். காய்கறித் தோட்டத்தைப் பற்றி நான் ஆரம்பித்ததும் ஒரு கைப்பிடி மணலை அள்ளி என் முன்னால் கொட்டினாள்.

"இதுல கத்திரிக்கா வருமா, சொல்லு. வந்திச்சுன்னா நானே அத்தினியும் துன்றேன்."

அத்தோடு தோட்டம் முடிந்தது.

2. மெம்பரம்மா

பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, கன்னியம்மா ஒரு பஞ்சாயத்து மெம்பர். அப்போது தேர்தலில் பெண்கள் யாரும் ஜெயிக்கவில்லையென்றால் ஒரு பெண்ணை மற்ற மெம்பர்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். கோ-ஆப்ஷன் என்பார்கள். அக்கரையிலிருந்து ஒருத்தி இருந்தால் தொந்தரவில்லை, ஆற்றைத் தாண்டி வரமாட்டாள் என்று இவளைச் சேர்த்திருந்தார்கள்.

"மெம்பராக்கினாங்கோ. ஆனா மீட்டிங்குன்னு ஒரு நாள் கூப்ட்டதில்ல. முடிஞ்சப்பால யாராவது வந்து கைநாட்டு வாங்கிகினு பூடுவாங்கோ. இன்னாத்துக்குன்னு கேட்டா, நல்லதுக்குத்தான்றாங்கோ."

"இப்போது என்ன தீர்மானம் வரப்போகிறது தெரியுமா?" என்றேன். எனக்குத் தெரியும். ஆபீசில் அதே பேச்சாக இருந்தது. அந்த வருஷ மானியத்தில் ஒரே ஒரு காரியம் செய்யலாம். இக்கரையில் பூங்காவும் அதற்குள் ரேடியோ மண்டபமும் கட்டலாம். அல்லது பஞ்சாயத்துக்கென்று ஒரு படகு வாங்கி ஆற்றில் விடலாம்.

படகு என்றதும் அவள் முகம் மாறியது. குப்பத்தில் படகுகள் இருந்தன. ஆனால் விடிவதற்குள் எல்லாம் கடலுக்குப் போய்விடும். அதன்பிறகு பகல் முழுக்க ஆற்றைக் கடக்க ஆளும் இல்லை, படகும் இல்லை. பிரசவம் பார்க்கும் நர்சம்மா இக்கரையில் இருந்தார். அவரை அழைத்து வர வழியில்லாமல் முந்தைய வருஷம் கன்னியம்மாவின் தங்கை கரையிலேயே இறந்துபோனாள். பிள்ளையும் தங்கவில்லை. இப்போது கன்னியம்மாவின் மருமகள் முழுகாமல் இருந்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு அவள் வந்தாள். நீந்தி வந்தாளோ, நடந்து வந்தாளோ, நெஞ்சுவரை நனைந்த புடவையோடு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்றாள். தலைவர் ஜம்புலிங்கம் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உப்பளக் காண்டிராக்டர். பருத்த உடம்பு, சத்தமான சிரிப்பு, வெள்ளைச் சட்டை. கெட்டவர் அல்ல. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் இருப்பது அவருக்கு ஞாபகம் வருவதில்லை, அவ்வளவுதான்.

"இன்னா கன்னிம்மா, நீ எதுக்கு வந்தே? ஆள் அனுப்பியிருப்பேனே."

"ஆள் வரது இருக்கட்டும் தலைவரே. மீட்டிங்கு ஒருவாட்டி எங்க பக்கம் வரட்டும். அங்க வந்து சொல்லு, ரேடியோவா படகான்னு."

மெம்பர்கள் சிரித்தார்கள். தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்தால் அவர் எதற்கும் சரி என்பார்.

"வர்றேன். மீன் கொழம்பு வெப்பியா?"

"ஷோக்கா வெக்கிறேன்."

கூட்டங்களை மேற்பார்வையிடும் எக்ஸ்டென்ஷன் ஆபீசர் வரதராஜன் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "ரூல்படி பஞ்சாயத்து எல்லைக்குள்ள எங்க வேணும்னாலும் நடத்தலாம். நோட்டீஸ் மட்டும் ஒழுங்கா போகணும்" என்றார். அப்படியே முடிவாயிற்று.

3. நாற்காலியும் ஏறியது

கூட்டத்தன்று துறையில் ஒரே திருவிழா. அக்கரையின் இன்னொரு மெம்பர் எட்டியப்பன் தன் படகைக் கொண்டுவந்திருந்தார். தலைவர், இக்கரை மெம்பர்கள் இரண்டு பேர், வரதராஜன் சார், குடை, நான். பஞ்சாயத்து கிளார்க் தண்ணீரைப் பார்த்ததும் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டதால் கூட்டக் குறிப்பு எழுதும் மினிட் புக் என் கையில். இன்னொரு இக்கரை மெம்பர், "நான் இங்கிருந்தே ஆதரிக்கிறேன்" என்று கரையில் நின்றுவிட்டார்.

அப்போதுதான் தலைவரின் நாற்காலி வந்தது. தேக்கில் செய்தது, கை வைத்தது, இரண்டு பேர் தூக்கவேண்டியது.

"தலைவரே, இது வோணாம். இப்பவே படகு முக்கிகினு கீது" என்றார் எட்டியப்பன்.

"பிரசிடெண்டு தரையிலயா ஒக்காருவான்? ஏத்துய்யா!"

ஏற்றினார்கள். தலைவர் படகுக்குள்ளேயே அதில் உட்கார்ந்துகொண்டார். தேர் கிளம்பியது போல இருந்தது. கரையில் இருந்தவர்கள் கையசைத்தார்கள், அவரும் கையசைத்தார். நடு ஆறு வந்ததும் 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது. தலைவர் மட்டும் நிற்காமல் போய் வரதராஜன் சாரின் மடியில் விழுந்தார்.

"இன்னாய்யா ஆச்சு?"

"மணல் திட்டு தட்டிகிச்சு. நீர் வத்தம் வேற."

"திட்டு எங்க கீதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் தலைவரே. நாக்காலிய ஏத்துனா படகு எத்தினி எறங்கும்னுதான் தெரியல."

4. கோரம் இருக்கிறது

எல்லோரும் இறங்கித் தள்ளினோம். படகு அசையவில்லை. ஆற்று நடுவில் ஒரு பாய் விரித்த அளவுக்கு மணல் மேலே தெரிந்தது. நாற்காலியை இறக்கி அதில் போட்டு, தலைவரை உட்காரவைத்தோம். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. கடல்நீர் ஏறும் பொங்கு வந்தால்தான் படகு மிதக்கும் என்றார் எட்டியப்பன்.

அக்கரையில் காத்திருந்த கன்னியம்மா இதைப் பார்த்தாள். ஒரு கணம் இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, தலையில் குழம்புச் சட்டியோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். கழுத்துவரை போனாள், இடுப்புவரை ஏறினாள், வந்து சேர்ந்தாள். சட்டி ஒரு சொட்டு சிந்தவில்லை.

"சூடு ஆறிடும்னு தூக்கிகினு வந்துட்டேன்."

வரதராஜன் சார் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டியபடி விரல் விட்டு எண்ணினார். கண்ணாடிக்குள் கண் விரிந்தது.

"தலைவரே, கோரம் இருக்கு. மீட்டிங் நடத்தற அளவுக்கு மெம்பர்கள் இருக்காங்க."

"யோவ், இங்கயா?"

"படகு மிதக்கற வரைக்கும் வேற வேலை என்ன இருக்கு, தலைவரே?"

என் வாழ்நாளில் அப்படி ஒரு கூட்டம் நான் பார்த்ததில்லை. தலைவர் நாற்காலியில். மெம்பர்கள் படகு விளிம்பில். சார் குடைபிடித்து நிற்க, நான் எட்டியப்பனின் முதுகில் மினிட் புக்கை வைத்து எழுதினேன். அவர் சிரிக்கும்போதெல்லாம் எழுத்து கோணிற்று. ரேடியோவுக்கு இக்கரையார் இருவரும் கைதூக்கினார்கள். படகுக்கு அக்கரையார் இருவர். சரிபாதி. காஸ்டிங் ஓட்டு தலைவருக்கு.

அதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. நாற்காலிக் கால்கள் மறைந்தன. தலைவர் இக்கரையைப் பார்த்தார். பிறகு அக்கரையைப் பார்த்தார். இரண்டும் ஒரே தூரத்தில் இருந்தன.

கன்னியம்மா அவர் முன்னால் போய் நின்றாள். கேலியே இல்லாமல், நிஜமாகவே விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"தலைவரே, இப்போ ஒனக்கு இன்னா வோணும், சொல்லு. ரேடியோவா, படகா?"

தலைவரின் தொப்பை குலுங்கியது. அப்புறம் தோள். அப்புறம் நாற்காலி. கண்ணில் நீர் வர அந்த மனிதர் சிரித்தார்.

"படகு, தாயே! படகு!"

எதிர்த்து ஓட்டுப்போட்ட மெம்பர்கள்கூடச் சிரித்தார்கள். சார் மட்டும் குனிந்து, "காஸ்டிங் ஓட்டு படகுக்கு. எழுதிட்டீங்களாம்மா?" என்றார். எழுதிவிட்டேன். பிறகு தண்ணீர் எங்களைத் தூக்கி விட்டது. நாற்காலியை எடுத்துவர யாருக்கும் நினைவில்லை. அது கடல் பக்கம் மிதந்துபோவதைக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே பார்த்தோம்.

5. காணாமல்போன எல்லை

சிரிப்பு ஒரு வாரம்தான். கரையில் நின்றே ஆதரித்தாரே, அந்த மெம்பர் யூனியனின் தலைமை அதிகாரியான பி.டி.ஓ.வுக்கு மனு கொடுத்துவிட்டார். கூட்டம் நோட்டீசில் சொன்ன இடத்தில் நடக்கவில்லை, ஆற்றுத்திட்டு பஞ்சாயத்து எல்லைக்குள்ளேயே வராது, ஆகவே தீர்மானம் செல்லாது.

எனக்கு வேலை போய்விடும் என்றே நினைத்தேன். கூட்டம் நடந்த இடம் என்ற கட்டத்தில் 'ஆற்று நடு' என்று எழுதியவள் நான்தான். வீட்டில் சொன்னபோது அப்பா, "ஆத்துலயா மீட்டிங் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பி.டி.ஓ. நேரில் விசாரிக்க வந்தார். கண்டிப்பானவர். மனு கொடுத்தவரைப் பார்த்து, "எந்தத் திட்டு? காட்டுங்க" என்றார். மனுக்காரர் ஆற்றைப் பார்த்துக் கையை நீட்டினார். அங்கே திட்டு இல்லை. இடையில் பெய்த மழையில் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிருந்தது.

"இருந்துச்சுங்க ஐயா. இங்கதான்…"

"நேத்து அங்க இருந்துச்சு ஐயா. நாளைக்கி வேற எங்கியாவது இருக்கும்" என்றார் எட்டியப்பன் உதவியாக.

பி.டி.ஓ. எங்களுக்கு முதுகைக் காட்டி வெகுநேரம் ஆற்றைப் பார்த்தார். தோள்கள் ஆடின. திரும்பியபோது முகம் கண்டிப்பாகவே இருந்தது.

"தகராறு வேணாம். இன்னொரு தடவை கூடுங்க. நோட்டீஸ்ல சொன்ன இடத்துல, தரையில."

6. தரையில் சொன்ன வார்த்தை

காலைச் சுற்றித் தண்ணீர் இருக்கும்போது ஒரு மனிதன் படகு கேட்பது சுலபம். காய்ந்த மணலில், பக்கத்தில் ஆட்கள் காதைக் கடிக்கும்போது?

இந்த முறை அக்கரையில் மீன் காயவைக்கும் இடத்தைப் பெருக்கிப் பாய் போட்டிருந்தார்கள். குப்பமே வந்து சுற்றி உட்கார்ந்தது. வயிற்றில் கையை வைத்தபடி கன்னியம்மாவின் மருமகளும் இருந்தாள். தலைவர் நாற்காலி கேட்கவில்லை. பாயில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். மனுக் கொடுத்தவரும் வந்திருந்ததால் இப்போது ரேடியோ பக்கம் மூன்று கை. படகு பக்கம் இரண்டு. காஸ்டிங் ஓட்டுக்கே இடமில்லை. தலைவர் மெம்பராகத் தன் ஓட்டைப் போட்டுச் சரிபாதியாக்கினால்தான் அதற்கு அடுத்த பேச்சு.

கன்னியம்மா பாயின் ஓரத்து நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

மனுக் கொடுத்தவர் தலைவரின் பக்கம் சாய்ந்து, "அண்ணே, அன்னிக்கு பயத்துல சொன்னது. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க" என்றார்.

தலைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பயத்துல சொன்னேன், வாஸ்தவம். ஒரு நாள் மாட்டுனதுக்கே எனக்குக் குலை நடுங்கிச்சு. இவங்க தெனமும் மாட்டிகினு கீறாங்கோ." கையைத் தூக்கினார். "படகு. ரெண்டு ஓட்டும் படகுக்கு."

குப்பம் எழுப்பிய சத்தத்தில் காயவைத்த மீனைத் தின்றுகொண்டிருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. கன்னியம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள். மினிட் புக் பறந்து போய் மணலில் விழுந்தது. வரதராஜன் சார் அதை எடுத்து ஊதிவிட்டு, யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படகு வர மாதங்கள் ஆயின. பச்சை வண்ணம், பஞ்சாயத்தின் பெயர், சம்பளத்துக்கு ஒரு படகோட்டி. வந்த சில நாளிலேயே ஒரு பட்டப்பகலில் அது நர்சம்மாவை ஏற்றிக்கொண்டு போயிற்று. நானும் கூட இருந்தேன். நர்சம்மா கண்ணை இறுக மூடி ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கியதும் ஓடினார். மாலைக்குள் குடிசைக்குள்ளிருந்து ஒரு வீறிடல் கேட்டது. கன்னியம்மா வெளியே வந்து, "பொண்ணு! ஆத்தாளும் நல்லா கீறா!" என்று கத்திவிட்டு, மணலில் தொப்பென்று உட்கார்ந்துகொண்டாள். படகோட்டி என்ன செய்வதென்று தெரியாமல் துடுப்பால் படகைத் தட்டித் தாளம் போட்டார். நர்சம்மா உட்பட எல்லோரும் ஆடினோம்.

அதற்குப்பின் பல யூனியன்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நான் கற்றது இதுதான். ஒரு மூலை ஊருக்கு ஒன்றும் போய்ச்சேரவில்லை என்றால், அங்குள்ளவர்கள் கேட்கவில்லை என்று ஆபீசில் சொல்வார்கள். நம்பாதீர்கள். அவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள், நாம்தான் காது எட்டாத இடத்தில் கூடிப் பேசுகிறோம். அடுத்த கூட்டத்தை அங்கே போய்ப் போடுங்கள். வழியில் புடவை நனையும். நனையட்டும், காற்றில் காய்ந்துவிடும்.