எதிரணிப் பெண் என்னோடு ஆட்டோவில் ஏறினாள்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போதுதான் நான் ஹாக்கி கோல் கீப்பர் ஆனேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. எங்களுடையது சிறிய கல்லூரி. பதினோரு பெண்களைச் சேர்ப்பதற்கே எங்கள் பி.டி. மேடம் வகுப்பு வகுப்பாக ஏறி இறங்குவார். நான் உயரமாக இருந்தேன், பிடித்துப் போட்டுவிட்டார். அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. கீப்பர் உடையை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுக் காட்டினேன். தலையில் ஹெல்மெட், நெஞ்சில் தடித்த கவசம், காலில் முழங்காலுக்கு மேல் வரை பேட். அம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல மூஞ்சிகூடத் தெரியலியே. சரி, ஆடு" என்றாள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; செருப்புக் கடை வைத்திருப்பவர். அவர் கேட்டது, "ஷூ இன்னா சைஸு?" என்பது மட்டும்தான்.

புதுச்சேரியிலும் சுற்றுப்புறத்திலும் இருந்த சிறிய கல்லூரிகள் ஆறு சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்தும். பெரிய கல்லூரிகளோடு மோதினால் எட்டு, பத்து கோல் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும் என்பதால் எங்களுக்குள் வைத்துக்கொண்ட போட்டி. பார்க்க வருகிறவர்கள் குறைவு. ஆனால் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இறுதி ஆட்டத்துக்கு வருவார்கள். அந்தப் பட்டியலில் பெயர் வந்தால் வெளி மாநிலம் போய் ஆடலாம், கையில் சான்றிதழ் இருக்கும், பின்னால் ஒரு வேலைக்கு உதவும். எங்களில் பலர் அதை நினைத்துத்தான் காலையில் முதல் பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வந்தோம்.

அந்த ஆண்டு லாஸ்பேட்டை மைதானத்தில் காலையில் எங்கள் அரையிறுதி. இறுதி ஆட்டம் அன்றே மூன்று மணிக்கு. எங்களுக்கு எதிரே ஆடிய அணியின் சென்டர் ஃபார்வர்டைப் பற்றி எங்கள் கேப்டன் முன்பே எச்சரித்திருந்தாள். காலாப்பட்டுப் பக்கம் மீனவர் குப்பத்துப் பெண். குள்ளம், ஆனால் பந்தோடு ஓடினால் யாராலும் எட்ட முடியாது. முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டாள். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது மறுபடியும் தனியாகப் பந்தோடு வந்தாள். நான் முன்னால் ஓடிச் சரிந்து படுத்தேன். அவளால் நிற்க முடியவில்லை. தடுக்கி என் மேல் விழுந்தாள். அவளுடைய முழங்கால் என் இடது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இறங்கியது. குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம் எனக்கு மட்டும் கேட்டது.

அம்பயர் அவள் மேல் தப்பில்லை என்றார். தப்பில்லைதான். ஆனால் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. எங்களிடம் மாற்று ஆளே கிடையாது. கேப்டன் என் ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு கோலில் போய் நின்றாள். ஆட்டம் முடிந்தபோது நாங்கள் தோற்றிருந்தோம். அணிக்குப் பொறுப்பாக இருந்தவர் பி.டி. மேடம் ஒருவர்தான், அவரால் மைதானத்தை விட்டு வர முடியாது. அத்தாவும் அம்மாவும் கடலூருக்கு ஒரு நிக்காவுக்குப் போயிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரி பழக்கமில்லாத எங்களில் யாரை என்னோடு அனுப்புவது என்று மேடம் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அந்தக் காலாப்பட்டுப் பெண் மட்டையைத் தன் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"நான் கூட்டிம் போறேன் மேடம். எங்கப்பாவ மாசாமாசம் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிம் போறேன். எங்க சீட்டு வாங்கணும், எங்க எக்ஸ்ரேன்னு எல்லாம் தெரியும்."

"உனக்கு ஃபைனல் இருக்கேம்மா?"

"மூணு மணிக்குத்தான? அதுக்குள்ள வந்துடுவேன்."

கவசத்தோடு ஆட்டோவில் உட்காரவே முடியவில்லை. வண்டி குலுங்கக் குலுங்க அவள் கீழே குந்தி என் காலிலிருந்த பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். "இம்மா கனத்த எப்பிடிடி தூக்கினு நிக்கிற?" என்றாள். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோள் வலித்தது.

கோரிமேட்டில் அன்று கூட்டம். விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் வராண்டா முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவள் யாரிடமும் வழி கேட்கவில்லை. என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சீட்டு வாங்கிவந்தாள், எக்ஸ்ரே வரிசையில் எனக்காக நின்றாள். காலர் எலும்பில் முறிவு, கையைத் தொங்கவிட்டுக் கட்டினால் போதும் என்று டாக்டர் சொன்னார். கட்டுப் போடும் அறைக்கு வெளியே இன்னொரு வரிசை. மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அம்மா பஸ் ஏறிவிட்டதாகப் போன் செய்திருந்தாள்.

"நீ போ. எங்கம்மா வந்துடுவாங்க" என்றேன்.

இதை எழுதும்போது மறைக்க விரும்பவில்லை. வாய் அப்படிச் சொன்னது, என் வலது கை அவள் மணிக்கட்டை விடவில்லை. அவ்வளவு பயந்திருந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள், சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். தோழிக்குப் போன் செய்து, "நான் வரல. சார்கிட்ட சொல்லிடு" என்றாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணத்துக்குக் கட்டிய புடவையோடு அம்மா ஓடிவந்தபோது எனக்குக் கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். அம்மா அவளுடைய தலையைத் தடவி, "நீ இவ கிளாஸாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல ஆன்ட்டி. நான் வேற காலேஜ். நான்தான் இவ மேல வுழுந்தேன்."

அம்மா என் கட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுனா சாப்ட்டியா?" என்றாள் அம்மா.

"இல்ல."

கல்யாண வீட்டில் கட்டிக் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தை அங்கேயே, மரத்தடியில் பிரித்து அவளிடம் நீட்டினாள். அவள் இரண்டாவது வாய் எடுக்கும்போது போன் சிணுங்கியது. அவர்கள் அணி ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றிருந்தது. மைதானத்திலேயே பட்டியலை வாசித்துவிட்டார்களாம். அவள் பெயர் அதில் இல்லை. "பரவால்ல ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து சாப்பிட்டாள். ஆனால் நிமிர்ந்து எங்களைப் பார்க்கவில்லை.

அடுத்த பத்து நாள் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கையில் கட்டோடு கேப்டனையும் பி.டி. மேடத்தையும் கூட்டிக்கொண்டு, பல்கலைக்கழக அணியைத் தேர்ந்தெடுத்த அம்மையாரைப் பார்க்கப் போனேன். அங்கேதான் தெரிந்தது, அவள் அனுமதியில்லாமல் மைதானத்தை விட்டுப் போய்விட்டாள் என்று அவளுடைய கோச் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் மருத்துவமனைச் சீட்டை மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். கையை விடாமல் பிடித்திருந்ததையும் சொன்னேன். அம்மையார் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லிஸ்ட் போயாச்சு. இனிமே மாத்த முடியாது. கேம்ப்புக்கு வேணா வரச் சொல்லு. யாராச்சும் நின்னுட்டா பாக்கலாம்."

அவளிடம் சொன்னபோது முதலில் கோபப்பட்டாள். "உன்ன யாரு போய்க் கேக்கச் சொன்னது?" என்றாள். ஆனாலும் கேம்ப்புக்குப் போனாள். பரீட்சை என்று ஒரு பெண் விலகியதால் கடைசி ஆளாக அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். நான்கு ஆட்டங்களில் ஒன்றில், கடைசிக் கால்மணி நேரம் மட்டும் இறக்கினார்கள். கோல் எதுவும் போடவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட ஜெர்சியில் எடுத்த படத்தை எனக்கு அனுப்பினாள். அம்மா அதைக் கடலூர்ச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.

எலும்பு கூடிய பிறகும் எனக்குப் பயம் போகவில்லை. யாராவது பந்தோடு ஓடிவந்தாலே கால் பின்வாங்கியது. கீப்பரை விட்டுவிடலாம் என்று கேப்டனிடம் சொன்ன செய்தி எப்படியோ காலாப்பட்டுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மட்டையோடு எங்கள் கல்லூரி வாசலில் வந்து இறங்கினாள். என்னைக் கோலில் நிற்க வைத்து எதிரே வந்து அடித்தாள். முதல் மூன்று பந்துகளும் உள்ளே போயின.

"கண்ண மூடிக்கிறடி நீ" என்று கத்தினாள். "தொற!"

நான்காவது பந்துக்குக் கண்ணைத் திறந்தபடியே சரிந்தேன். தோள் லேசாக வலித்தது. பந்து என் கால் பேட்டில் பட்டு, வேலி வரைக்கும் உருண்டு போனது. அதை எடுத்துவர அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.