தட்டில் முளைத்த சாம்பல் பூஞ்சை

ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பூஞ்சைக்காரி என்று பேர். பத்தொன்பது வருஷமாக நோயாளிகளின் சளியைத் தட்டில் தடவி, என்ன முளைக்கிறது என்று பார்ப்பவள். ரொட்டியில் பூசணம் பூத்தால்கூட அதன் குலம் கோத்திரம் சொல்லிவிட்டுத்தான் தூக்கிப் போடுவாள் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

மாடியில் ஸ்டெம் செல் மாற்றிக்கொண்டவர்களின் வார்டு. எதிர்ப்புச் சக்தியைத் துடைத்தெடுத்த உடம்புகள். நமக்கு ஒரு தும்மலோடு போகிற தூசு அவர்கள் நுரையீரலில் வேர்விடும். அங்கே ஒரு லாரி டிரைவருக்குக் காய்ச்சல் விடவேயில்லை. அவர் சளியில் ஆறாம் நாள் எலிமுடி மாதிரிச் சாம்பலாக ஒன்று முளைத்தது. வழக்கமாக வருகிற பூஞ்சை இல்லை. நுண்ணோக்கியில் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவருக்கு ஏற்றிக்கொண்டிருந்த மருந்துக்கு மசியாத இனம் அது.

பெரிய டாக்டர் தட்டை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. காற்றில் வந்து விழுந்த அழுக்கு, அறிக்கையில் எழுதாதே என்றார். அவளும் எழுதவில்லை. மூன்றாம் நாள் டிரைவர் போய்ச் சேர்ந்தார். நாத்தனார் கொடுத்த ஸ்டெம் செல் உடம்பில் நன்றாகப் பிடித்துவிட்டது என்று சொன்னார்களே என்று அவர் மனைவி படிக்கட்டில் போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுமாதம் தையல்காரப் பெண் ஒருத்தியின் சளியில் அதே சாம்பல். இந்த முறை அறிக்கையில் எழுதினாள். எடுத்து வைத்திருந்த டிரைவரின் பழைய தட்டையும் அதோடு தூக்கிக்கொண்டு டாக்டர்கள் கூட்டத்துக்குள் நுழைந்தாள்.

"இதுவும் காத்துல வந்த அழுக்கா சார்? ரெண்டு பேரும் ஒரே வார்டு."

"முளைக்கிறதைப் பாக்குறதுதான் உன் வேலை. வைத்தியம் சொல்றது இல்ல."

"முளைச்சதைத்தான் எழுதியிருக்கேன். தப்புன்னா, தப்புன்னு கீழ எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவைத் தொடவில்லை. வார்டின் இளைய டாக்டரம்மா காகிதத்தை வாங்கிப் படித்து, அன்று மாலையே மருந்தை மாற்றினார். ஏழு வாரம் கழித்துத் தையல்காரி மூச்சு வாங்கினாலும் தன் காலில் நடந்து வீட்டுக்குப் போனாள்.

அடுத்த கூட்டத்தில் பெரிய டாக்டர், தன் துறையின் விழிப்புணர்வால் அரிய நோய் ஒன்று பிடிபட்டதாகப் படம் போட்டுக் காட்டினார். டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டாள். உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கோபத்தில் பாதி தன் மேலேயே.

விலாசம் விசாரித்துக்கொண்டு டிரைவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் மனைவி சத்தம் போடவில்லை.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கதவு சாத்தப்பட்டது. ஒரு வாரம் கழித்து அந்த அம்மாள் பெரிய டாக்டர் மேல் எழுதிய புகார் மனுவோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார், முகம் கொடுத்துப் பேசாமல் காகிதத்தை நீட்டினார். பூஞ்சைக்காரி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். வேலை போய்விடும் என்று வீட்டுக்காரர் பயந்தார். வேலை போகவில்லை. நாலு மாதமாகியும் மனுவுக்குப் பதிலும் வரவில்லை.