ஜெர்மன் கத்தி

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கத்திரிக்கோல் சாணை பிடிக்கும் அந்தோணிராஜுக்கு வேறொரு விதத்திலும் பெயர் உண்டு. பழைய மடக்குக் கத்தி எதைக் கொடுத்தாலும் அது பிறந்த ஊரைச் சொல்லிவிடுவார். பிடியைத் தடவுவார், விரித்து மடக்கிச் சத்தம் கேட்பார், அலகின் அடியிலுள்ள முத்திரையைப் பார்ப்பார். பாதி நிஜமாகவே தெரியும். மீதி வாய்ச் சவடால். கேட்டவர்கள் வாயைப் பிளந்ததால் மனுஷனும் அளந்து விட்டார்.

ஐந்து வருடத்துக்கு முன், அவரைப் போலவே தெற்கேயிருந்து பிழைக்க வந்த முனீஸ் ஒரு கத்தி கொண்டுவந்தான். கழித்துப்போட்ட ஜெர்மன் நிட்டிங் மெஷினின் டூல்பாக்ஸில் கிடைத்ததாம். மான்கொம்புப் பிடி, குதிரைக் குளம்பில் கல்லெடுக்க ஒரு கொக்கி. அலகு ஆடியது. ஓவர்லாக் தையல் மெஷினின் உடைந்த ஊசியை வெட்டி ஆணியாக அடித்து இறுக்கிக் கொடுத்தார். முத்திரையில் துரு, சுரண்டிப் பார்க்கச் சோம்பல்.

“அசல் ஜெர்மன்டே!”

முனீஸ் அதை எல்லோரிடமும் காட்டித் திரிந்தான்.

மூன்று மாதமாக அவனைக் காணோம். இன்று காலை அவன் மனைவி அனுசுயா ஓடிவந்தாள். பல்லடம் பக்கம் வாய்க்காலில் ஒரு உடல், முகம் அடையாளம் தெரியவில்லை, பையில் கத்தி.

“பாக்க அவுக கத்தி மாதிரிதான் இருக்கு அண்ணாச்சி. ஆனா துருவத் துடைச்சுட்டு இங்கிலாந்துல செஞ்சதுன்னு போலீஸ்காரக சொல்லுதாக. அவுக கத்தி ஜெர்மன்னு நீங்கதானே சொன்னிய? வந்து சொல்லுங்க. அது அவுக இல்லன்னு சொல்லுங்க.”

அந்தோணிராஜ் அவளோடு கிளம்பினார். ஆணி வேறாக இருக்கட்டும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் மாதாவைக் கெஞ்சினார்.

ஸ்டேஷனில் ஏட்டு கந்தவேல் கத்தியை நீட்டினார். “நிதானமாப் பாருங்க. அவசரமில்லீங்க.”

முத்திரையில் இங்கிலாந்து தெளிவாக இருந்தது. கத்தியைத் திருப்பினார். ஓவர்லாக் ஊசி. பக்கத்தில் அன்று அவர் சுத்தியல் தவறி விழுந்த வடு.

இல்லை என்று ஒரு சொல் போதும், இவள் நிம்மதியாக வீடு போவாள். முனீஸ் அனாதைப் பிணமாகப் புதைவான். அந்தோணிராஜ் தன் நாக்கைச் சபித்தார்.

“இந்த ஆணி நான் அடிச்சதும்மா. ஜெர்மன்னு சொன்னதுதான் பொய். எனக்குத் தெரியல. சும்மா சொல்லிட்டேன்.”

அனுசுயா அழவில்லை. அவர் விரல்களைக் கத்தியின் மேல் மறுபடி மூடினாள்.

“இன்னொரு தரம் பாருங்க அண்ணாச்சி. நீங்க சொன்னா தப்பாதுன்னு அவுக எப்பவும் சொல்லுவாக.”