மறுப்பு வராத பாதி

ஆண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி மிகைப்படுத்தி எழுதினால் அவருக்குப் பிடிக்காது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா சாயல்குடியில் பிறந்தார். மழை பொய்த்தால் பனைதான் சோறு போடும் என்ற நிலைமையில் இருந்த வீடு. மெய்யியல் படிக்கப் போவதாக அவர் சொன்னபோது, “அதைப் படிச்சா வேலை கிடைக்குமா?” என்று அய்யா கேட்டார். “கிடைக்கும்னு சொல்ல முடியாதுய்யா” என்றார் அக்கா. சமாளித்துப் பேச அவருக்கு வராது. ஆனாலும் அய்யா மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்.

இராமநாதபுரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், பாம்பனில் அத்தானின் ஐஸ் கம்பெனியை ஒட்டிய வீட்டுக்கு வந்தார். கடலுக்குப் போகாத நாட்களில் மீனவர்கள் அங்கே உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரிசெய்வார்கள். புத்தகம் தரவா என்று அக்கா கேட்டபோது, “படிக்க நேரமேது டீச்சர்?” என்றார்கள். “கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே இருக்கு?” என்றார் அக்கா. அன்று முதல், பழைய கிரேக்க, சீன, நம் நாட்டுச் சிந்தனைகளை ஐந்தைந்து நிமிடமாகப் பேசி, போனில் பதிவுசெய்து அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பலானார். வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள்வரை கேட்டார்கள்.

நம் தருக்க மரபில் ஒரு வழக்கம் உண்டு. மறுக்க இருக்கும் கட்சியை, அதாவது எதிர்த்தரப்பின் வாதத்தை, அதைச் சேர்ந்தவனே மெச்சும்படி முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் மறுக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் இரண்டும் அடங்காததால் அக்கா ஒரு நாள் கட்சியையும் மறுநாள் மறுப்பையும் அனுப்பினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போகும் படகுகள் மறுநாள் கடலில் இருக்கும், அங்கே சிக்னல் கிடைக்காது, திரும்பியவர்கள் பழைய பதிவைத் தேடிக் கேட்க மாட்டார்கள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆடி அமாவாசையன்று காலையில் ஒரு படகு டிரைவரின் மனைவி வீட்டுக்கு வந்தார்.

“டீச்சர், அவுக அப்பாவுக்குத் திதி குடுக்க வர மாட்டேங்குறாரு. செத்தவுகளுக்கு எள்ளுந் தண்ணியும் போய்ச் சேராதுன்னு நீங்களே சொல்லிட்டீகளாமே?”

“மறுக்கிறதுக்காகச் சொன்னதும்மா அது. மறுப்பை நேத்தே அனுப்பிட்டேனே.”

“நேத்து அவரு கடல்லல்ல இருந்தாரு!”

அக்கா உடனே கிளம்பிப் போய் அந்த டிரைவரிடம் பேசினார். அவர் அசையவில்லை, முதல் பாதி அவ்வளவு நன்றாக இருந்ததாம். அந்த ஆண்டுத் திதி நின்றுபோனது.

அதன்பின் அக்கா இரண்டு பக்கத்தையும் ஒரே பதிவில் பேசினார். பதிவு நீண்டது, பலர் விலகினார்கள். சுருக்கிப் பேசச் சொன்னேன். “அரைகுறையாச் சொல்றதுக்குச் சும்மா இருக்கலாம் தம்பி. முழுசாக் கேக்குற நாலு பேரு போதும்” என்றார்.

பிறகு நுரையீரலில் நோய் வந்தது. கடைசிப் பதிவில் அக்கா எடுத்துக்கொண்ட கட்சி, இறந்தவருக்காக அழுவது அறிவுடைமை ஆகாது என்பது. இருமலுக்கு நடுவிலும் அதை அழகாக நிறுவினார். முடிவில், “இதுக்கு மறுப்பு இருக்கு. மூச்சு வாங்குது. நாளைக்குச் சொல்றேன்” என்றார். மறுப்பையும் பேசி முடித்தபின் சேர்த்து அனுப்பலாம் என்று போனை அத்தானிடம் கொடுத்தார். மறுநாள் அவர் கண் விழிக்கவில்லை. அவர் குரலை எல்லோரும் கேட்கட்டும் என்று, காரியம் முடிந்த அன்று அத்தான் அந்தப் பதிவைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

மருத்துவமனைக்கு அலைந்த ஐஸ் கம்பெனித் தோழர்களுக்கும், இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அன்று கடலுக்குப் போகாமல் வந்து நின்ற படகுக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

துக்கம் கேட்க வருகிறவர்கள் பலர், “அழக் கூடாதுன்னு டீச்சரே சொல்லியிருக்காகளே” என்று இன்றும் எங்களைத் தேற்றுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது அக்காவின் முடிவு அல்ல. அவர் மறுக்க எடுத்துக்கொண்ட கட்சி. மறுப்பு என்னவென்று எங்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே அழுதுகொண்டிருக்கிறோம்.