கண்ணி வச்சனாங்கள்

கனடாவிலிருந்து லீவில் வந்திருக்கும் மருமகன் போன கிழமை ஒரு போட்டோ காட்டினான். வயலின் நடுவே ஒரு நீளப் பெட்டி. மேலே துணிக் கதவு இரண்டு. அதற்குள் இவன் மல்லாந்து படுத்திருக்கிறான். மேலெல்லாம் வைக்கோல்.

"என்னடா இது, உயிரோடேயே பெட்டிக்குள்ள படுத்திட்டியா?"

"தாரா வேட்டை மாமா, காட்டு வாத்து. லேஅவுட் பிளைண்ட் எண்டு சொல்லுறது. தாராக்கள் இறங்கினவுடன கதவைத் தள்ளிக்கொண்டு எழும்பிச் சுடோணும்."

பாதுகாப்பு விதிகளையும் ஒப்பித்தான். எங்கே படுத்திருக்கிறோம் என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டுமாம். வேட்டை முடிந்ததும் செம்மஞ்சள் துணியைத் தூக்கிக் காட்ட வேண்டுமாம். நல்ல விதிகள்தான்... எங்களுக்கு யார் சொன்னார்கள்?

சண்டை தொடங்கிய ஆரம்ப வருடங்கள். லைசன்ஸ் துவக்குகளைப் பொலிசில் ஒப்படைத்தாயிற்று. தாராக்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் — தம்பலகாமத்து வயல்களில் அறுவடை முடிந்ததும் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. குறிஞ்சாக்கேணி றவூப் என்னோடு படித்தவன்; அரிசிக்கடை வைத்திருந்தான். துவக்கு போனதில் அவனுக்குக் கவலையே இல்லை.

"சுட்டா செத்துத்தான் விழும் மச்சான். கண்ணியில பட்டா உசிரோட கிடைக்கும். பிஸ்மி சொல்லி அறுத்துத் தின்னலாம்."

தங்கூசி என்கிற நைலோன் நூலில் சுருக்குகள் போட்டு, அவற்றை ஒரு கயிற்றில் வரிசையாகக் கட்டி, தண்ணீர் தேங்கிய இடத்தில் அமிழ்த்தி விடுவான். கயிற்றின் மறு நுனி மறைவில் படுத்திருப்பவன் கையில். தாரா நடந்து வந்து சுருக்குக்குள் கால் வைத்ததும் ஒரு இழுவை. அவ்வளவுதான் கண்ணி.

மறைவு போடுவதில் றவூப் மன்னன். வரம்போரமாக ஆள் நீளத்துக்கு ஒரு பள்ளம். உள்ளே சாக்கு. படுக்கும் முன் வைக்கோலைத் தடியால் குத்திப் பார்க்க வேண்டும், பாம்பு கிடக்கலாம். காற்று தலைமாட்டிலிருந்து வர வேண்டும். தாரா காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும், கால்மாட்டுப் பக்கமாக வரும். வைக்கோல் வயல் மட்டத்துக்கு மேலே புடைக்கக் கூடாது. முகத்தில் சேறு. அண்ணாந்து பார்க்கவே கூடாது.

அன்று விடிகாலையில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த பள்ளங்களில் படுத்திருந்தோம். அவன் போட்ட மறைவு எவ்வளவு திறம் என்றால், ரோந்து வந்த ஆமிக்காரர் ஒருவர் அவன் காலை மிதிக்கும் வரை யாருக்கும் தெரியவில்லை.

பிறகு கேட்க வேண்டுமா? நாலு பக்கமும் துவக்குகள். சேறு பூசிய முகங்களோடு, கையைத் தூக்கிக்கொண்டு எழும்பி நின்றோம். ஒளித்துப் படுத்திருந்த இரண்டு ஆண்கள், அதுவும் விமானப்படை முகாம் இருக்கிற சீனன்குடாப் பக்கம் போகிற வழியில்... அந்த நாட்களில் இதற்கு மேல் ஒன்றும் விசாரிக்கத் தேவையில்லை.

அவர்களில் ஒருவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். "இங்க என்ன செய்றது?" என்றார்.

றவூப் உண்மையைச் சொன்னான். அதுதான் பிழை.

"ஒண்டுமில்ல சேர்... கண்ணி வச்சனாங்கள்."

அந்த மனிதருக்குத் தெரிந்த தமிழில் கண்ணி என்றால் ஒன்றே ஒன்றுதான். அதற்குப் பின்னால் வெடி என்றொரு சொல்லும் உண்டு. அவர் சிங்களத்தில் ஏதோ கத்தினார். அவ்வளவு பேரும் தொப்பென்று வயலில் விழுந்தார்கள். "படு! படு! அசையாதே!" நாங்களும் விழுந்தோம். ஒரு துவக்கின் வாய் றவூப்பின் காதோரம். அவன் மெல்லக் கலிமா சொல்வது எனக்குக் கேட்டது. அவன் பள்ளத்திலிருந்து ஒரு கயிறு தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தால் யார்தான் நம்புவார்கள்? இன்றைக்கு முடிந்தோம் என்று நினைத்தேன்.

யோசித்துப் பாருங்கள். இப்போது அந்த வயலில் நிற்கிறவர் ஒருவருமில்லை. எல்லோரும் பச்சையும் சேறுமாகப் படுத்திருக்கிறோம். மூச்சு விடக்கூடப் பயம். எந்த வேட்டைக்காரனுக்குக் கிடைக்கும் இப்படியொரு மறைவு?

தாராக்கள் வந்தன. ஒரு வட்டம் போட்டன. கால்மாட்டுப் பக்கமாக, காற்றுக்கு எதிராக, சாவகாசமாக இறங்கின. கயிற்றை இழுக்க ஆளில்லாமலே ஒன்று சுருக்குக்குள் காலை விட்டுத் தானே இறுக்கிக்கொண்டது. செட்டை அடித்து அது போட்ட சத்தத்தில் மற்றவை எல்லாம் கிளம்பிப் பறந்தன.

தமிழ் தெரிந்தவர் தலையைத் தூக்கினார். தாராவைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். றவூப்பைப் பார்த்தார்.

"இதா கண்ணி?"

"ஓம் சேர்... இதுதான் சேர்..."

முதலில் சிரித்தது அவர்களுடைய பெரியவர்தான். சேற்றைத் தட்டிக்கொண்டு எழும்பினார்கள். தாரா அவர்களோடு போனது. நாங்கள் வீட்டுக்கு வந்தோம். அந்தத் தாரா இல்லாவிட்டால் இந்தப் பத்தியை எழுத நான் ஏது?

இப்போது பேச்சுவார்த்தைக் காலம், சண்டை ஓய்ந்திருக்கிறது. முந்தாநாள் றவூப்புக்குப் போன் எடுத்து மருமகனின் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். துணிக் கதவு, செம்மஞ்சள் துணி, எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

"நல்ல சாமான்தான் மச்சான். ஆனா பொடியனுக்கு ஒண்டு சொல்லி வை."

"என்ன?"

"ஆராவது வந்து, என்ன செய்றாய் எண்டு கேட்டா, முதல்ல தாரா எண்டு சொல்லச் சொல்லு. மிச்சத்தைப் பிறகு சொல்லலாம்."